ஆளுமைத் தேர்வில் பொய்ப் பதில்கள்: ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்துவிடுவேன்." இந்த வாக்கியத்துக்கு எதிரே ஐந்து வட்டங்கள் இருக்கின்றன. முதல் வட்டம் 'முழுவதும் பொருந்தும்', கடைசி வட்டம் 'கொஞ்சமும் பொருந்தாது'. வேலை தேடி வந்தவர் எந்த வட்டத்தை நிரப்புவார் என்று ஊகிக்க உளவியல் பட்டம் தேவையில்லை. இருந்தும் இந்த மாதிரிக் கேள்விகளைக் கோத்த தேர்வுகளை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. அதைவிட ஆச்சரியம், அந்தத் தேர்வுகள் கொஞ்சம் வேலையும் செய்கின்றன.

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குணத்தை அளக்கும் சைக்கோமெட்ரிக் டெஸ்ட் விற்கிறவர் வந்து வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டிவிட்டுப் போயிருப்பார். "எல்லாரும் நல்லவர் மாதிரித்தானே டிக் அடிப்பாங்க, இதை எப்படி நம்புறது?" என்று முதலாளி கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. பொய் சொன்னவர் இன்னார் என்று தனித்தனியாகப் பிடிக்கும் நம்பகமான வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. ஆனால் நாலு பேர் பொய் சொன்னாலும் நமக்கு அதிக நஷ்டம் வராதபடி தேர்வு முறையை அமைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

கொஞ்சம் முன்கதை

இந்தச் சந்தேகம் தேர்வின் வயதையே உடையது. முதல் உலகப் போரில் குண்டு அதிர்ச்சி என்ற மனப் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே இனம் காண, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் 'ஆம், இல்லை' என்று பதில் எழுதும் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். அது பெரிய அளவில் பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1943இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, மனநோயை அறிவதற்கான எம்.எம்.பி.ஐ. தேர்வில் பொய்யைப் பிடிப்பதற்கென்றே தனிக் கேள்விகள் சேர்க்கப்பட்டன. 1956இல் ஃபார்ச்சூன் இதழைச் சேர்ந்த வில்லியம் வைட் அமெரிக்கக் கம்பெனி வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில், ஆளுமைத் தேர்வில் ஏமாற்றுவது எப்படி என்று பாடமே நடத்தினார். 1965இல் கியான், காட்டியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆள் எடுக்க இதை நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதன்பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு இந்தத் துறை அடங்கிக் கிடந்தது. 1991இல் பேரிக், மவுண்ட் இருவரும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு வெளியிட்ட தொகுப்பாய்வுதான் அதை எழுப்பிவிட்டது.

படி 1: வேலையை எழுதுங்கள், பிறகு குணத்தைத் தேடுங்கள்

இப்போது பெரும்பாலான நல்ல தேர்வுகள் ஐந்து குணங்களை அளக்கின்றன: பொறுப்புணர்வு, உணர்ச்சி நிதானம், கலகலப்பு, இணக்கம், புதியதை நாடும் மனம். ஐந்திலும் அதிக மதிப்பெண் வாங்கியவரே சிறந்த ஊழியர் என்று நினைப்பது முதல் தவறு. பேரிக்கும் மவுண்டும் கண்டது, பொறுப்புணர்வு மட்டும்தான் எல்லா வகை வேலைக்கும் ஓரளவு உதவுகிறது என்பது. கலகலப்பு விற்பனைக்கும் நிர்வாகத்துக்கும் உதவும். கணக்கு எழுதுபவருக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஒரு நகைக்கடன் கிளைக்கு ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நகையை எடை போட வேண்டும், உரசிப் பார்க்க வேண்டும், முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏலத் தேதி நெருங்கும்போது கண் கலங்கி நிற்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாகவும் பேச வேண்டும். இங்கே வேண்டியது விதியை விடாமல் பின்பற்றும் பழக்கமும் சட்டென்று கொதிக்காத மனமும். இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற மூன்று மதிப்பெண்களைப் பார்க்காமலே விட்டுவிடலாம். அறிக்கையில் இருக்கிறதே என்று பார்த்தால், நமக்குப் பிடித்த ஆளுக்கு அவற்றில் ஏதாவது ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

இந்தத் தேர்வால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள உறவை ஒட்டுறவுக் கெழுவால் சொல்வார்கள். 0 என்றால் உறவே இல்லை, 1 என்றால் அச்சு அசல் பொருத்தம். பால் சாக்கெட் குழுவினர் 2022இல் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டதில், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42, தொழிலறிவுத் தேர்வுக்கு 0.40, வேலையைச் செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.33 வந்தது. பொறுப்புணர்வுக்கு வந்தது 0.19. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கும் அதே 0.19தான். ஆக, ஒன்றைச் சரிசெய்ய மட்டுமே காசு இருக்கிறது என்றால் முதலில் நேர்காணலைச் சரிசெய்யுங்கள். ஆளுமைத் தேர்வு அதற்குத் துணைக்கு வரட்டும்.

படி 2: தேர்வை வாங்கும்போது

வாங்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்களை நான்கெழுத்து வகைகளாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ. தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. எம்.எம்.பி.ஐ. போன்ற மருத்துவமனைத் தேர்வுகள் மனநோயை அறிவதற்கு உள்ளவை. அவற்றுக்கும் நம் வேலைக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் வாடகைக்குப் பொருள் கொடுக்கும் ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனம் பதவி உயர்வுக்கு எம்.எம்.பி.ஐ. கேள்விகளைப் பயன்படுத்தியபோது, அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், ஊனமுற்றோர் சட்டத்துக்கு எதிரானது என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பனையாளரிடம் தொழில்நுட்பக் கையேடு கேளுங்கள். "எங்கள் தேர்வு 95 சதவீதம் துல்லியம்" என்று வாயால் சொல்வது கையேடு ஆகாது. கையேடு கைக்கு வந்ததும் ஒரு பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட்டுத் தரவரிசை தருகிறார்கள் என்பது அங்கே இருக்கும். கல்லூரி மாணவர்களோடும் தன்னார்வலர்களோடும் ஒப்பிட்டால் உங்கள் விண்ணப்பதாரர்கள் எல்லாருமே மகாத்மாக்களாகத் தெரிவார்கள். பர்க்லேண்டும் சக ஆய்வாளர்களும் 2006இல் செய்த தொகுப்பாய்வில், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் மற்றவர்களைவிடப் பொறுப்புணர்வில் சுமார் 0.45 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்து நின்றார்கள். அப்படியானால் சராசரி விண்ணப்பதாரரே சாதாரண மக்களில் 67ஆவது சதமானத்தில், அதாவது நூறில் 67 பேரைவிட மேலே வந்து உட்காருவார். "இவர் மேல் 33 சதவீதத்தில் இருக்கிறார்" என்று அறிக்கை பெருமையாகச் சொல்லும். விண்ணப்பதாரர்களுக்குள் பார்த்தால் அவர் நடுவில் இருப்பவர். எனவே விண்ணப்பதாரர்களோடு, முடிந்தால் இந்திய விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட்ட அளவுகோல் வேண்டும்.

அடுத்து கேள்வியின் வடிவம். வழக்கமான ஐந்து வட்டக் கேள்வியில் நல்ல பதில் எது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு மாற்றாக வந்தது கட்டாயத் தெரிவு முறை. அதில் கேள்வி இப்படி இருக்கும்:

அ) எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்.
ஆ) புதியவர்களிடம் எளிதில் பேசிவிடுவேன்.
இ) கோபம் வந்தாலும் சீக்கிரம் ஆறிவிடும்.

உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, மிகக் குறைவாகப் பொருந்துவது எது? மூன்றுமே நல்ல குணம் என்பதால், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டு நல்ல பெயர் வாங்க வழியில்லை. 1950களிலேயே ஆலன் எட்வர்ட்ஸ் இந்த யோசனையைத் தேர்வாக்கினார். அதில் ஒரு சிக்கல் நெடுநாள் இருந்தது. ஒரு குணத்துக்குப் புள்ளி கொடுத்தால் இன்னொன்றில் குறைந்தாக வேண்டும். மொத்தம் எல்லாருக்கும் ஒன்றே. ஒருவருக்குள் எந்தக் குணம் ஓங்கியிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லலாம், இரண்டு பேரை ஒப்பிடத்தான் முடியாது. ஆள் எடுப்பதோ ஒப்பிடுவதற்குத்தான். இதைத் தீர்க்கும் கணித முறைகள் கடந்த இருபது ஆண்டுகளில் வந்துவிட்டன. அமெரிக்க ராணுவம் 2009 முதல் டாபாஸ் என்ற இந்த வகைத் தேர்வை ஆள்சேர்ப்பு மையங்களில் வைக்கிறது. கட்டாயத் தெரிவு பொய்யைக் குறைக்கும், ஒழிக்காது. நகைக்கடன் வேலைக்கு வந்தவருக்கு மேலே உள்ள மூன்றில் 'அ'வைத் தேர்ந்தெடுக்கத் தோன்றாதா? விற்பனையாளர் "எங்களுடையது கட்டாயத் தெரிவு" என்றால், மதிப்பெண் கணக்கிடுவது பழைய முறையிலா புதிய முறையிலா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அந்தத் தேர்வைத் தள்ளிவைத்துவிடலாம்.

படி 3: எவ்வளவு பொய், எந்த மாதிரிப் பொய்

இந்தத் துறையின் பெரிய சண்டை இங்கேதான் நடக்கிறது. சொக்கலிங்கம் விஸ்வேஸ்வரனும் டெனிஸ் ஒன்ஸும் 1999இல் தொகுத்த ஆய்வுகளில், "நல்லவராகக் காட்டிக்கொண்டு பதில் எழுதுங்கள்" என்று சொல்லியே எழுத வைத்தபோது மதிப்பெண்கள் அரை முதல் ஒரு திட்டவிலக்கம் வரை ஏறின. ஆக, பொய் சொல்ல முடியும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. உண்மையான விண்ணப்பதாரர்கள் அவ்வளவு தூரம் சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன 2006 ஆய்வு, அதைவிடக் குறைவாகத்தான் என்கிறது. கலகலப்பில் அந்த வித்தியாசம் சுமார் 0.1 மட்டுமே. வேலைக்கு எது உதவும் என்று நினைக்கிறார்களோ அதைத்தான் கூட்டிச் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ஹோகன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. போக்குவரத்துத் துறையில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்துத் தள்ளப்பட்ட 5,266 பேர் ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு மறுபடி வந்து அதே தேர்வை எழுதினார்கள். எந்த ஒரு குணத்தை எடுத்துக்கொண்டாலும் மதிப்பெண்ணைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியவர்கள் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஒருமுறை தோற்றவருக்குப் பொய் சொல்ல நல்ல காரணம் இருந்தும் சொல்லவில்லை, எனவே பொய் ஒரு பிரச்சினையே இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அவர்கள் முதல்முறை வந்ததும் வேலைக்காகத்தான். அப்போதே கூட்டிச் சொல்லியிருந்தால் இரண்டாம் முறை மேலும் கூட்ட என்ன இருக்கிறது? மேலும், அதே 2007இல் ஆய்விதழ் ஆசிரியர் பொறுப்பு வகித்த ஐந்து பேர் மார்கெசன் தலைமையில் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பொய்யைத் தவிர்க்க முடியாது, தேர்வுகளின் பலனே சிறியது, இவற்றைத் திரும்ப யோசியுங்கள் என்றார்கள். இந்தச் சண்டையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பொய் எல்லாரிடமும் சமமாக இல்லை. எல்லாரும் ஒரே அளவு கூட்டிச் சொன்னால் வரிசை மாறாது, நமக்கு நஷ்டமில்லை. சிலர் நிறையக் கூட்டி, சிலர் கூட்டாமல் விடும்போதுதான் வரிசை கலைகிறது.

பொய்யின் வகையும் முக்கியம். இருக்கும் நல்லதைக் கொஞ்சம் மெருகேற்றுவது ஒன்று. கெட்டதை மறைப்பது இன்னொன்று. இல்லாததை இருப்பதாகச் சொல்வது மூன்றாவது. மூன்றாவதுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் விண்ணப்பதாரர்களிடம் எந்தெந்த வேலையில் அனுபவம் என்று கேட்ட பட்டியலில், உலகத்தில் இல்லாத சில வேலைகளையும் சொந்தமாக இட்டுக்கட்டிச் சேர்த்திருந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் அவற்றில் ஒன்றையாவது செய்திருப்பதாக எழுதினார்கள்! குணத்தைக் கேட்கும் தேர்வில் இந்தத் தந்திரம் பலிக்காது. அனுபவப் பட்டியலில் பலிக்கும். இல்லாத மென்பொருள் ஒன்றின் பெயரைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: தேர்வு நாளுக்கு முன்

தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வையுங்கள். எச்சரிக்கை மதிப்பெண் ஏற்றத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ட்வைட், டோனோவன் ஆய்வு 2003இல் காட்டியது. சரிபார்ப்போம் என்பதையும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது பலன் கூடுகிறது. ஆனால் உங்களால் செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டாதீர்கள். "பொய்யைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது" என்று நாமே பொய் சொல்லிவிட்டு, அவரிடம் நேர்மையை எதிர்பார்க்கக் கூடாது. இப்படி எழுதலாம்:

"இதில் சரி, தவறு என்ற பதில்கள் இல்லை. உங்கள் பதில்களை வைத்து நேர்காணலில் கேள்விகள் கேட்போம். முன்பு வேலை பார்த்த இடத்திலும் விசாரிப்போம். பதில்கள் அவற்றோடு பொருந்தாவிட்டால் அது தேர்வைப் பாதிக்கும்."

எழுதியதைச் செய்யவும் வேண்டும். படி 7 அதற்குத்தான்.

கேள்விகளில் 'வேலை செய்யும் இடத்தில்' என்ற சூழல் சேர்ந்திருப்பது நல்லது. "நான் ஒழுங்கானவன்" என்பதைவிட "வேலையில் என் மேசையையும் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்திருப்பேன்" என்பது பிற்கால வேலைத்திறனோடு அதிகம் பொருந்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் துணியை மடித்து வைக்காதவர் கடையில் சில்லறையை மிகச் சரியாக எண்ணி வைப்பார்; மனிதர்கள் அப்படித்தான்.

மொழி விஷயத்தில் கறாராக இருங்கள். அமெரிக்கர்களுக்கு எழுதிய ஆங்கிலக் கேள்வியில் மரபுத்தொடரும் எதிர்மறையும் சேர்ந்து வந்தால், தமிழ் வழியில் படித்தவருக்கு அது ஆங்கிலத் தேர்வாகிவிடும். அவருடைய மதிப்பெண் முன்னுக்குப் பின் முரணாக வரும், மென்பொருள் அதைப் 'பொய்' என்று குறித்துவிடும். கிளையில் பேசப்போவது தமிழில் என்றால் தேர்வும் தமிழில் இருக்கட்டும். மொழிபெயர்த்ததைச் சும்மா ஏற்காமல் உங்கள் ஊழியர்களில் நாலு பேரை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து எழுத விடலாமா? விட்டால் அண்ணன் எழுதலாம், நண்பன் எழுதலாம், இப்போது ஏ.ஐ. அரட்டைச் செயலியிடம் கேட்டும் எழுதலாம். அமெரிக்கச் சில்லறைக் கடைகள் பரவலாகப் பயன்படுத்திய யூனிக்ரூ தேர்வுக்கு 'சரியான பதில்கள்' என்ற பட்டியலே இணையத்தில் சுற்றியது. வசதிக்காக வீட்டில் எழுத விட்டால், முதல் சுற்றைத் தாண்டியவர்களுக்கு அலுவலகத்தில் ஒரு சிறு தேர்வை மறுபடி வைத்துவிடுங்கள்.

படி 5: மேலிருந்து எடுக்காதீர்கள், கீழிருந்து கழியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காகிதத்தில் ஒரு கணக்கு போடுவோம். 100 பேர் விண்ணப்பிக்கிறார்கள். உண்மையான குணத்தில் எல்லாரும் ஒரே பரவலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 பேர் உள்ளபடி எழுதுகிறார்கள். 20 பேர் தங்கள் மதிப்பெண்ணை ஒரு திட்டவிலக்கம் ஏற்றிக்கொள்கிறார்கள். நேர்மையானவர்களின் சராசரிக்கு ஒன்றரைத் திட்டவிலக்கம் மேலே கோடு போட்டு, அதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால், இயல்நிலைப் பரவல் (பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டும் இரு ஓரங்களிலும் இருக்கும் பரவல்) அட்டவணைப்படி நேர்மையானவர்கள் சுமார் 5 பேரும் கூட்டிச் சொன்னவர்கள் சுமார் 6 பேரும் தேறுவார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தவர்கள் உச்சியில் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். உச்சியை எவ்வளவு குறுக்குகிறீர்களோ, பொய் அவ்வளவு அடர்த்தியாகிறது. ரோஸ் குழுவினர் 1998இல் உண்மையான விண்ணப்பதாரர்களை வைத்துக் காட்டியதும் இதே போக்கைத்தான்.

இப்போது அதே பட்டியலை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கீழே உள்ள 20 பேரைக் கழித்துவிட்டு மீதி 80 பேரை அடுத்த சுற்றுக்கு அனுப்பினால், அந்த 80இல் கூட்டிச் சொன்னவர்கள் 19 பேர். 20 சதவீதம் 24 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த சுற்று நேர்காணலும் செய்முறைச் சோதனையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

கழிக்கப்பட்ட 20 பேரில் ஏறக்குறைய 19 பேர் நேர்மையானவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அது அநியாயம்தான். கழிப்பதை 10 பேராகக் குறைத்தால் அநியாயம் பாதியாகும். அதற்கு மேல் கழிக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் அடியில் இருப்பவர்களைப் பற்றிய தகவல் உச்சியில் இருப்பவர்களைப் பற்றியதைவிட நம்பத்தக்கது. வேலைக்கு வந்த இடத்தில், கூட்டிச் சொல்ல எல்லா வாய்ப்பும் இருந்தும், "எனக்கு அடிக்கடி கோபம் வரும், விதிகள் எரிச்சல் தரும்" என்று எழுதியவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்.

கட்-ஆஃபைத் தாண்டியபின் ஆளுமை மதிப்பெண்ணை மூடி வைத்துவிடுங்கள். 82 வாங்கியவருக்கும் 91 வாங்கியவருக்கும் நடுவே வித்தியாசம் தேட வேண்டாம்.

படி 6: பொய் அளவுகோலை என்ன செய்வது

பல தேர்வு அறிக்கைகளின் கடைசியில் 'நேர்மைக் குறியீடு' என்றோ 'சமூக விருப்பப் பதில்' என்றோ ஓர் எண் இருக்கும். "நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதே இல்லை", "சிறு பொய்கூடச் சொன்னதில்லை" என்பது மாதிரியான கேள்விகளுக்கு 'ஆம்' போட்டால் அந்த எண் ஏறும். யாராலும் அப்படி இருக்க முடியாது, ஆகவே 'ஆம்' போட்டவர் பொய்யர் என்பது தர்க்கம். 1960இல் வந்த மார்லோ, க்ரௌன் அளவுகோலின் 33 கேள்விகளும் இந்த அடிப்படையில் எழுதப்பட்டவை.

தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது. உண்மையிலேயே கட்டுப்பாடாக வாழ்கிறவர்களும், பக்தியில் ஊறிய குடும்பங்களில் வளர்ந்தவர்களும் இதில் அதிகம் வாங்குவார்கள். தன்னைப் பற்றித் தானே உயர்வாக நம்புகிறவரும் வாங்குவார். டெல்ராய் பால்ஹஸ் இந்த இரண்டையும் பிரித்தார்: பிறருக்குக் காட்டுவதற்காகக் கூட்டிச் சொல்வது வேறு, தானே நம்பிச் சொல்வது வேறு. பின்னதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? ஒன்ஸ், விஸ்வேஸ்வரன், ரைஸ் மூவரும் 1996இல் இந்த அளவுகோல்களைக் கவனத்தைத் திசைதிருப்பும் விஷயம் என்றே ஒதுக்கினார்கள். 1999இல் எல்லிங்சன், சாக்கெட், ஹாஃப் மூவரும், இந்த எண்ணை வைத்து மதிப்பெண்ணைத் 'திருத்தினால்' அந்த நபரின் நேர்மையான மதிப்பெண் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 2006இல் ஷ்மிட், ஆஸ்வால்ட் கணக்கிட்டபோது, பொய்யர் என்று குறிக்கப்பட்டவர்களை நீக்கினாலும் தேர்வானவர்களின் சராசரித் திறன் பெரிதாக உயரவில்லை.

எனவே இந்த எண்ணைப் பார்த்து யாரையும் தள்ளாதீர்கள், மதிப்பெண்ணையும் குறைக்காதீர்கள். மிக உயர்ந்திருந்தால் ஒரே ஒரு காரியம் செய்யலாம். நேர்காணலில் அவரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பழைய நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். பதில் எழுத எடுத்த நேரத்தை வைத்துப் பொய்யைச் சொல்லும் மென்பொருள்களுக்கும் இதே நிலைதான். ஆய்வுக்கூடத்தில் சுவாரசியமாக இருக்கும், ஒருவர் வயிற்றில் அடிக்கும் அளவுக்கு உறுதியானவை அல்ல.

படி 7: பல கண்கள்

இந்திய ராணுவ அதிகாரித் தேர்வான எஸ்.எஸ்.பி.யைப் பாருங்கள். படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்கிறார்கள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம். 60 சூழல்களுக்கு 30 நிமிடத்தில் பதில். இதற்கெல்லாம் பயிற்சி வகுப்புகள் உண்டு. 'நேர்மறையான' வாக்கியங்களை மனப்பாடம் செய்து போகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே உளவியலாளர் ஒரு பக்கம் எழுத்தைப் பார்க்கிறார், குழுப் பணி அதிகாரி மைதானத்தில் பார்க்கிறார், நேர்காணல் அதிகாரி பேசிப் பார்க்கிறார். கடைசி நாள் மூவரும் உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். கதையில் தலைவனாக எழுதியவர் மைதானத்தில் கயிற்றைப் பிடிக்க முன்வராமல் நின்றால் அங்கே தெரிந்துவிடும். அந்தக் கதை, சொல் தேர்வுகளின் மேல் எனக்குத் தனியாகப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒருவர் முடிவு இன்னொருவரைப் பாதிக்காமல் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கும் ஏற்பாட்டைக் கடன் வாங்கலாம்.

சிறு நிறுவனத்தில் இது எப்படி? நேர்காணல் எடுப்பவருக்கு ஆளுமை மதிப்பெண்ணை முன்கூட்டிக் காட்டாதீர்கள். எல்லாரிடமும் கேட்க ஐந்தாறு கேள்விகளை எழுதி வையுங்கள், எந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். "விதியை மீறச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் நீதிக்கதை வரும். "பழைய இடத்தில் அவசரத்துக்காக ஒரு நடைமுறையை விட்டுவிடச் சொல்லி யாராவது கேட்டார்களா? அன்று என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள், கடைசியில் என்ன ஆனது?" என்று கேளுங்கள். துணைக்கேள்வி சரிபார்க்கக்கூடிய விவரத்தைக் கேட்பதாக இருக்கட்டும். "அப்போ நீங்க மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டால் சரியான பதிலை நாமே எடுத்துக்கொடுத்தது மாதிரி.

வேலையைச் செய்ய வைத்தும் பாருங்கள். பத்துப் பதிவுகளில் மூன்று பிழைகளை ஒளித்து வைத்த ஒரு பதிவேட்டைக் கொடுத்து அரைமணி நேரம் சரிபார்க்கச் சொன்னால், கவனமும் பொறுமையும் எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரியும். இதில் நடிக்க முடியாது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும்போது "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்பார்கள். "கணக்கு முடிப்பதில் எத்தனை முறை திருத்தம் வந்தது? திரும்ப எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் தயக்கமே ஒரு பதில்.

படி 8: சட்டமும் மரியாதையும்

தேர்வு விடைகள் தனிநபர் தரவு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழில் ஒன்று தயாராக இருக்கட்டும். தேர்வாகாதவர்களின் விடைகளை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று முடிவு செய்து, அதன்பின் அழித்துவிடுங்கள். மதம், குடும்பம், உடல்நலம், மனநலம் பற்றிய கேள்விகள் தேர்வில் ஒளிந்திருந்தால் அந்தத் தேர்வே வேண்டாம்.

விண்ணப்பதாரராக இதைப் படிக்கிறவருக்கு இரண்டு வரி. எல்லாவற்றுக்கும் 'முழுவதும் பொருந்தும்' வட்டத்தையே நிரப்பாதீர்கள். "ஒருபோதும் இல்லை" என்று வரும் கேள்விகளில் சாதாரண மனிதராகவே இருங்கள். வேலையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுங்கள், வீட்டில் எப்படி என்று அல்ல.

படி 9: ஓராண்டு கழித்துத் திரும்பிப் பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. தேர்வானவர்களின் மதிப்பெண்ணை ஒரு தாளிலும், ஓராண்டு கழித்து அவர்களின் வேலை விவரத்தை இன்னொரு தாளிலும் வைத்து ஒப்பிட வேண்டும். "மேலாளருக்குப் பிடிக்கிறதா" என்பதை அளக்க வேண்டாம். பதிவேட்டுப் பிழைகள், வராத நாட்கள், வாடிக்கையாளர் புகார்கள், ஆறு மாதத்துக்குள் விலகியவர்கள் என்று எண்ணக்கூடியவற்றை எடுங்கள். மதிப்பெண்ணையும் வேலை விவரத்தையும் ஒரே ஆள் பதிவு செய்ய வேண்டாம்.

30 பேரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 0.2 அளவுள்ள உறவு இருக்கிறதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ 200 பேர் வேண்டும். தேறியவர்களை மட்டும் பார்ப்பதால் உறவு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 பேர் எடுக்கும் கடைக்கு இந்தக் கணக்கு எட்டாது. அவர்கள் விற்பனையாளரிடம் இதே வகை வேலைக்குச் செய்த ஆய்வைக் கேட்டு வாங்கலாம். கூடவே, கட்-ஆஃபில் விழுந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், தமிழ் வழி படித்தவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். ஒரு கூட்டம் மட்டும் அதிகம் விழுந்தால், அவர்கள் குணத்தைச் சந்தேகிக்கும் முன் கேள்வித்தாளைச் சந்தேகியுங்கள்.

200 பேர் சேர்ந்தபின்னும் மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால், அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம். அந்தக் காசை நேர்காணல் எடுப்பவர்களின் பயிற்சிக்கும் செய்முறைச் சோதனைக்கும் ஒதுக்குங்கள்.